மூடி வைத்த சட்டி

ஊரப்பாக்கத்தில் வீடு தேடி அலைந்தோம். புகைவண்டி நிலையத்துக்கு நடந்து போகும் தொலைவு, குழாயில் தண்ணீர், காற்று வர இரண்டு சன்னல் — இவ்வளவே நாம் கேட்டது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டதல்லவா? அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் காலி வீடு கண்ணில் படுவதே அரிது.

கடைசியில் ஒன்று அமைந்தது. வீட்டுக்காரர் இன்முகத்தோடு பேசினார். என்ன வேலை என்று கேட்டார், சொன்னோம். முன்பணம் இவ்வளவு என்றார், ஒப்புக்கொண்டோம். சாவியைக் கையில் எடுத்தவர், கொடுக்காமல் நிறுத்திக் கேட்டார்: "வீட்டில் என்ன சமைப்பீர்கள்?"

என்ன சமைப்போம்? திங்களன்று சாம்பார், செவ்வாயன்று கீரை, புதனன்று காரக்குழம்பு, ஞாயிறு வந்தால் மீன். ஆனால், அவர் கேட்டது நம் சமையலையா? இல்லை, தோழர்களே! சாதியை நேராகக் கேட்க இன்று பலருக்கு நாக்கு கூசுகிறது. தெருவழியே வரக் கூசும் சாதி, அடுக்களை வழியே வருகிறது.

மேடை ஏறினால் மணிக்கணக்கில் முழங்கும் நாம், அன்று என்ன விடை சொன்னோம்? "பெரும்பாலும் சைவந்தான் ஐயா" என்றோம். சாவி கிடைத்தது. தன்மானத்தை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுக் குடிபுகுந்தோம்.

சில திங்கள் கழிந்தன. அயல்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர், மாமல்லபுரத்தில் வெளிநாட்டார் வந்து தங்கும் விடுதி ஒன்றுக்கு நம்மை விருந்துக்கு அழைத்துப் போனார். 'ஸ்டேக்' கொண்டுவரச் சொன்னார். எந்தப் பதத்தில் வேண்டும், உள்ளே சிவப்பு இருக்கலாமா, முழுவதும் வெந்திருக்க வேண்டுமா என்று பணிவோடு விசாரித்தார் பரிமாறுபவர். வெள்ளைத் தட்டு வந்தது. பளபளக்கும் கத்தி வந்தது. நடுவில் விரற்கடைப் பருமனில் சுட்ட மாட்டிறைச்சித் துண்டு. அந்த ஒரு தட்டின் விலையில் நம் வீட்டுக்கு ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம். தின்றோம், சுவைத்தோம்; படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பவும் செய்தோம். "ஆகா, உயர்ந்த வாழ்வு!" என்று விடைகள் வந்தன.

அடுத்த ஞாயிறு, நம் மன்றத்துத் தோழர் ஒருவர் வீட்டில் பகலுணவு. ஊரின் கடைக்கோடியில், ஊராரால் 'காலனி' என்று அழைக்கப்படும் பகுதியில் இருந்தது அந்த வீடு. அவர் தாயார் இலை போட்டார். சோறு, பருப்பு, பொரியல் வைத்தார். மூலையில் ஒரு சட்டி மூடியிருந்தது. மிளகும் மல்லியும் கலந்த மணம் அதிலிருந்து வந்தது.

"அதில் என்னம்மா?" என்றோம்.

அந்த அம்மையார் மகனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அது எங்களுக்கு, தம்பி. உங்களுக்குக் கோழி வாங்கியாரச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அந்தச் சட்டியில் இருந்ததும் மாட்டிறைச்சிதான். தன் சமையலைக் கண்டு அவர் வெட்கப்படவில்லை. நம் முகம் எப்படிச் சுளியுமோ என்று அஞ்சினார். எத்தனை வீட்டு முகங்கள் சுளித்து அந்த அச்சத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தனவோ! விடுதித் தட்டைப் படம் பிடித்துக் காட்டிய நாம், அந்தச் சட்டியை அப்படிப் படம் பிடித்திருப்போமா? பிடித்திருந்தால், "உயர்ந்த வாழ்வு" என்ற பாராட்டு வந்திருக்குமா? ஆங்கிலப் பெயரோடு வந்தால் நாகரிகம். அன்னைத் தமிழ்ப் பெயரோடு வந்தால் இழிவா?

சமையல் அறிவைக் கொண்டே பார்ப்போம். மாட்டின் முதுகுப்புறத்தில், அதிகம் உழைக்காத தசை ஒன்று உண்டு. கறிக்கடையில் அதை 'அண்டர்கட்' என்பார்கள். அது மென்மையானது, சூடேறிய கல்லில் சில மணித்துளி புரட்டினால் போதும். கழுத்தும் காலும் அப்படியல்ல. சுமந்தும் நடந்தும் இறுகிய தசை அது. இணைப்புத் திசு மிகுந்தது. நீரிட்டு நெடுநேரம் வேகவைத்தால்தான் அந்தத் திசு இளகிக் குழைந்து கறி பதமாகும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாமல் போன மாட்டையோ, மீள முடியாதபடி முடங்கிய மாட்டையோதான் சான்று பெற்று அறுக்கலாம். அத்தகைய முதிய மாட்டின் இறைச்சியை, விறகும் பொறுமையும் கொண்டு பூப்போல் ஆக்குகிறாரே அந்த அம்மையார், அதற்கு விடுதிச் சமையற்காரரின் திறமையைவிடக் குறைந்த திறமையா வேண்டும்? உழைக்காத தசைக்கு உயர்ந்த விலை, உழைத்த தசைக்குத் தாழ்ந்த விலை! இந்த விலைப்பட்டியலை நாம் வேறெங்கோ பார்த்திருக்கிறோமே, தோழர்களே!

"இது தமிழர் பண்பாடா?" என்று புருவம் உயர்த்துவோர் பத்துப்பாட்டைப் புரட்டட்டும். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் ஒரு பாணனுக்கு வழி சொல்கிறார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, மரக்காணம் என்று அறிஞர் கருதும் எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட மீன் கிடைக்கும் என்கிறார். வேலூரில் வேட்டுவர் வீட்டுப் பெண்கள், புளிச்சோற்றோடு ஆமான் சூடு தருவார்கள் என்கிறார். ஆமான் என்பது காட்டுமாடு. சூடு என்பது சுட்ட இறைச்சி. ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்கிறார். எவர் வீட்டில் உண்ணலாம், எவர் வீட்டில் ஆகாது என்று அந்தப் புலவர் பட்டியல் போடவில்லை. எல்லா வீட்டிலும் உண் என்றார்!

பட்டியல் பின்னால் வந்தது. வந்ததை எதிர்த்து வளர்ந்ததே நம் இயக்கம். சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததால் மூண்ட கிளர்ச்சியை நாடறியும். 1929 பிப்ரவரியில் சுயமரியாதை மாநாடு கூடி, சாதிப் பட்டத்தைத் துறப்போம் என்று முழங்கியது நம் செங்கற்பட்டில்தான். புகைவண்டி நிலைய உணவுச்சாலைகளில் பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவருக்கு வேறிடம் என்றிருந்த கொடுமை 1941-இல் ஒழிந்தது. 1957-இல் சென்னை உணவுவிடுதிப் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். தோழர்கள் அணியணியாகச் சிறை சென்றனர். பலகையில் அழிந்த அந்தச் சொல்தான் இன்று "வீடு வாடகைக்கு — சைவம் மட்டும்" என்று வேறு வேடத்தில் தொங்குகிறது.

2017 மே மாதம், சந்தையில் மாடுகளை இறைச்சிக்காக விற்கக்கூடாது என்று ஒன்றிய அரசு விதி செய்தது. மதுரைக் கிளை நீதிமன்றம் ஒரே வாரத்தில் அதற்குத் தடை விதித்தது. அந்தத் தடையை ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் ஆக்கியது. சட்டத்தின் கை அடுக்களைக்குள் நீண்டால் நீதிமன்றம் போகலாம். நம் மனத்தின் கை நீண்டால் எங்கே போவது?

எல்லோரும் மாட்டிறைச்சி உண்டாக வேண்டும் என்பதா நம் வாதம்? அன்று. உயிரிடம் இரக்கம் கொண்டு ஒருவர் புலால் மறுத்தால், அதை மதிப்போம். சிவப்பு இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015-இல் சொன்னதைக் கருதி அளவைக் குறைத்தால், அதையும் ஏற்போம். நாவின் சுவை, உடலின் நலம், பையின் கனம், நெஞ்சின் இரக்கம் — இவற்றுள் எது காரணமானாலும் தகும். பிறப்பு காரணமாகலாகாது!

அன்று அந்தச் சட்டியைத் திறக்கச் சொல்லி உண்டோம். அது பெரிய செயலன்று. அவர் வீட்டில் உண்பது எளிது. நம் வீட்டில் சமைப்பதல்லவா தேர்வு?

வாடகை கொடுக்கும் நாளன்று வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னோம். "வரும் ஞாயிறு நம் வீட்டில் மாட்டுக்கறி. தோழரின் தாயார் விருந்துக்கு வருகிறார்." அவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "ஒப்பந்தம் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். முடிந்ததும் மீண்டும் தெருத்தெருவாக அலைய வேண்டியிருக்கும். இம்முறை கேள்விக்கு முன்பே விடையைச் சொல்லிவிடுவோம்.

ஞாயிறும் வந்தது. துணைவியாரை அம்மையாரோடு கூடத்தில் அமர்த்திவிட்டு, அடுப்பருகே நாம் நின்றோம். இத்தனை ஆண்டுகள் பெண்ணுரிமை பேசியும் அடுப்பருகே நாம் நின்ற நாட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதுவும் நம் கணக்கில் உள்ள கடன்தான். "தண்ணி ஊத்தாதே தம்பி, கறியே தண்ணி விடும்" என்று கூடத்திலிருந்து அம்மையாரின் குரல் வந்தது. உப்பு சற்றுத் தூக்கல். கறி இன்னும் கால்மணி வெந்திருக்கலாம். அவர் இரண்டையும் சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார்.

சட்டி நடுக்கூடத்தில் இருந்தது, மூடி இல்லாமல்.