எல்லையூரும் ஐம்பத்தாறாம் ஆண்டுக் கிட்டாரும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளையில் தமிழ்நாட்டின் எல்லை வந்துவிடும். அவ்வழியே செல்வோர் பல்லாயிரவர். ஆனால் மலையடிவாரத்தை நோக்கி வடகிழக்கே திரும்புவோர் சிலரே. அவ்வாறு திரும்பினால் ரப்பர்த் தோட்டங்களும் மரச்சீனி விளைகளும் வாழைத் தோப்புகளும் மாறி மாறி வரும். வெள்ளறடையை அடுத்துப் பனச்சமூடு என்னும் சந்தையூர் தோன்றும். தென்திருவிதாங்கூர் வழக்கில் 'மூடு' என்பது மரத்தின் அடியைக் குறிக்கும். பனச்சி மரத்தடியில் எழுந்த ஊர் போலும் என்று பெயரைக் கேட்டதும் எண்ணத் தோன்றுகிறது. பனச்சி, கருங்காலியின் இனத்தைச் சேர்ந்த மரம்.

இங்கே எல்லை என்பது ஆறுமன்று, மலையுமன்று. ஒரு பெயர்ப் பலகை மலையாளத்தில் இருக்கும். சிறிது தூரத்தில் மற்றொன்று தமிழில் இருக்கும். சந்தையில் பேரம் பேசுவோர் நாவில் இரு மொழிகளும் கலந்தே வரும். இவ்வெல்லை வகுக்கப்பட்டது 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தன. மார்ஷல் நேசமணி முதலியோர் முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயன் அது. 1954 ஆகஸ்டு 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தோரை அம்மக்கள் இன்னும் மறக்கவில்லை. தமிழர் கேட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகாவோ கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே அண்ணன் ஒரு மாநிலத்திலும் தங்கை மறு மாநிலத்திலும் வாழும் குடும்பங்கள் இப்பக்கத்தில் உண்டு.

இசைக்கும் இப்பகுதி வறுமைப்பட்டதன்று. கருநாடக இசையில் புகழ்பெற்ற பாறசாலை பொன்னம்மாளும் நெய்யாற்றின்கரை வாசுதேவனும் இம்மண்ணினர். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் முதன்முதலாகப் பாடிய பெண்மணி பொன்னம்மாளே. அது 2006-இல் நிகழ்ந்தது. கிறிஸ்தவ ஆலயப் பாடகர் குழுக்கள் வாயிலாக மேலைநாட்டு வாத்தியங்களும் இங்கே வேரூன்றின.

அத்தகைய குழுவொன்றில் பேஸ் கிட்டார் பழகியவர் நம் அன்பர் ஒருவர். எல்லை பிறந்த 1956-லேயே பிறந்தவர். கடல் கடந்து பல்லாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். தாம் பிறந்த ஆண்டில் செய்யப்பட்ட பேஸ் கிட்டாரொன்றை வாங்க வேண்டும் என்பது அவர் அவா. சேமிப்பில் பெரும் பங்கை விழுங்கக்கூடிய விலை. இல்லத்தில் முழு இசைவும் இல்லை. ஊருக்கு வந்திருந்தபோது பனச்சமூட்டுத் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்து, விற்பவர் அனுப்பிய படங்களை நம்முன் பரப்பினார்.

வாசகர்கள் பொருட்டுச் சில செய்திகளைக் கூறுவோம். அமெரிக்காவில் வானொலிப் பெட்டி பழுது பார்த்து வந்த லியோ பெண்டர் 1951-இல் 'பிரிசிஷன்' பேஸ் கிட்டாரை வெளியிட்டார். ஆளுயர டபுள் பேஸ் செய்த வேலையை நான்கு நரம்புகளுடன் தோளில் தொங்கும் இக்கருவி செய்தது. தமிழ்த் திரையிசையில் இதன் பெருமையை அறிய இளையராஜாவின் பாடல்களைக் கேட்டாலே போதும். 1957-இல் பெண்டர் நிறுவனம் இதன் தலைப்பகுதியைப் பெரிதாக்கி, ஒலி வாங்கும் பிக்கப்பையும் இரண்டாகப் பிரித்து அமைத்தது. ஆதலால் ஐம்பத்தாறாம் ஆண்டுக் கருவி பழைய அமைப்பின் இறுதிக் காலத்தது. அதனால் மதிப்பும் மிகுதி.

அன்பரின் படங்களில் தோற்றம் குறையின்றி இருந்தது. ஆனால் இக்கருவிகளில் உடல் ஒரு மாதத்தில் செய்யப்பட்டிருக்கும், கழுத்து வேறொரு மாதத்தில் செய்யப்பட்டிருக்கும். தொடர் எண்களும் வரிசைப்படி அமைந்தவை அல்ல. நான்கு திருகாணிகளைக் கழற்றினால் கழுத்தின் அடியில் பென்சிலால் எழுதிய தேதி காணப்படும். படத்தில் 1956 என்றே இருந்தது. அடுத்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகைப் பார்த்தோம். அங்கே பொறித்த எண்ணில் முதல் மூன்று இலக்கங்கள் செய்தவரைக் குறிக்கும். 304 என்றால் ஸ்டாக்போல். பின்வருவன ஆண்டும் வாரமும். ஐம்பதுகளில் ஆண்டுக்கு ஓரிலக்கமே இட்டனர்; எனவே மொத்தம் ஆறு இலக்கங்கள் இருக்க வேண்டும். இதிலோ ஏழு இருந்தன: 304, 66, 23. அதாவது 1966-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம்! அன்பரின் முகம் வாடிற்று.

இதனால் கருவி பொய்யாகிவிடாது. பழுதுற்ற உறுப்பைப் பத்தாண்டுகளுக்குப் பின் எவரோ மாற்றியிருக்கலாம். எனினும் உறுப்பு மாறாத கருவிக்குரிய விலையை இதற்குக் கொடுத்தல் தகாது. மேற்பூச்சைப் புதுப்பித்திருந்தால் விலை மேலும் வெகுவாகக் குறைய வேண்டும். அன்பர் அந்த எண்ணைச் சுட்டி எழுதினார். சில நாட்களில் விற்பவர் மாற்றத்தை ஒப்புக்கொண்டு விலையைக் குறைத்தார். இல்லத்தாரும் இசைந்தனர், கருவி கைக்கு வந்தது.

வேறு ஆண்டுகளில் பிறந்தோருக்கும் ஒரு சொல். 1960-இல் 'ஜாஸ்' பேஸும், 1976-இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் 'ஸ்டிங்ரே'யும் வெளிவந்தன. 1982 முதல் ஜப்பானில் செய்யப்பட்ட பெண்டர் கருவிகள் தரமானவை. விலையும் பெரும்பாலும் எட்டக்கூடியதே. ஆனால் அறுபதுகளின் முற்பகுதிக் கருவிகள் பலவற்றில் பிரேசில் நாட்டு ஈட்டி மரம் உண்டு. 1992 முதல் அம்மரம் நாடு விட்டு நாடு செல்லக் கடும் கட்டுப்பாடு இருப்பதால், அனுமதிச் சீட்டின்றிக் கொண்டு வருதல் இடர் தரும். நம் மலைகளில் வளரும் ஈட்டியால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஐம்பத்தாறாம் ஆண்டுக் கருவியின் கழுத்து முழுவதும் மேப்பிள் மரமாதலின் அன்பருக்கு இத்தொல்லை நேரவில்லை. சுங்கத் தீர்வையை முன்னரே விசாரித்துக் கொள்வதும் நலம்.

விடைபெறும்போது அன்பர் கூறினார்: "என் பிறப்புச் சான்றிலுள்ள மாநிலத்தின் பெயரே இப்போது இல்லை, கிட்டாரில் ஓர் உறுப்பு மாறியதற்கா வருந்துவேன்?" திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் பிறந்தவர் அவர். அப்பெயர் அவர் பிறந்த ஆண்டிலேயே மறைந்தது. சந்தையில் விளக்குகள் ஏற்றப்பட்டன. எல்லையின் இருபுறத்திலும் பேரம் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.