மணி அடித்த பின்னர்

அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம் முட்டை வடிவப் பந்தைக்கொண்டு கிரிக்கெட் மைதானத்திலேயே ஆடப்படுவது. அதன் காரணத்தை மாணவருக்கு விளக்கப் புகுந்த நாம், ரொம் வில்ஸ் என்பாரின் வரலாற்றைச் சொல்ல நேர்ந்தது.

1835இல் பிறந்த வில்ஸ், விக்டோரியாவிலே பழங்குடிச் சிறுவரோடு விளையாடி, அவர்தம் மொழியையும் பேசி வளர்ந்தவர். 14 வயதில் இங்கிலாந்தின் றக்பி பாடசாலைக்கு அனுப்பப்பட்டு, கிரிக்கெட்டிற் பெயர்பெற்று மீண்டார். குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர் சோம்பியிருத்தலாகாது, உதைபந்தாட்டக் கழகமொன்று வேண்டும் என 1858 யூலையில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அடுத்த மாதமே மெல்பேர்ணில் இரு பாடசாலைகள் மோதின. பக்கத்துக்கு நாற்பது பேர்! வில்ஸ் நடுவருள் ஒருவர். மூன்று சனிக்கிழமைகள் ஆடியும் ஆளுக்கொரு கோலுடன் ஆட்டம் முடிந்தது. இதைக் கேட்டு வகுப்பில் எழுந்த ஆரவாரம் அடங்கச் சிறிது நேரம் சென்றது.

1859 மே மாதத்தில் அவரும் நண்பர்களும் விடுதியொன்றிற் கூடிப் பத்து விதிகளை வகுத்தனர். றக்பி விதிகளையே கொள்வோம் என்றார் வில்ஸ். மற்றையோருக்கு அவை விளங்கவில்லை. எதிரியின் காலை உதைப்பது விலக்கப்பட்டது. மறுநாள் அலுவலுக்குச் செல்லவேண்டியவர்களுக்கு அது நியாயமே.

1861இல் குயீன்ஸ்லாந்தில் அவருடைய தந்தையார் உட்பட 19 பேரைப் பழங்குடியினர் கொன்றனர். பொருட்கள் ஏற்றிவரச் சென்றிருந்த வில்ஸ் தப்பினார். பழிக்குப் பழியாக அதனினும் பன்மடங்கு பழங்குடியினர் கொல்லப்பட்டனர். ஐந்தாண்டுகளின் பின், 1866இல், அதே வில்ஸ் விக்டோரியாவின் பழங்குடி வீரருக்குக் கிரிக்கெட் பயிற்றி, மெல்பேர்ண் மைதானத்தில் ஆயிரமாயிரம் மக்கள் முன்னிலையில் அவர்களுக்குத் தலைவராய் நின்று ஆடினார். எவ்வாறு அவரால் இயன்றது என்பதை நாம் பலகாலும் எண்ணியதுண்டு.

அத்துடன் நிறுத்திக்கொண்டோம். மணியும் அடித்தது.

விறாந்தையில் ஒரு மாணவன் பின்தொடர்ந்து வந்தான். "பிறகு அவருக்கு என்ன நடந்தது, ஐயா?"

அவன் தந்தையார் குடியால் உத்தியோகம் இழந்தவர். நாம் கதையை இடையில் நிறுத்தியதும் அதன் பொருட்டே. ஆயினும், கேட்டவனிடம் மறைக்க மனம் ஒப்பவில்லை. மதுவால் நிலைகுலைந்த வில்ஸ் 1880இல், 44 வயதில், தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்றும், நூறாண்டு கழித்து 1980இல்தான் அவர் புதைகுழிக்கு ஒரு கல் நாட்டப்பட்டது என்றும் கூறினோம்.

அவன் சற்றுநேரம் பேசாது நின்றான்.

"அந்தப் பத்து விதியும் இப்பவும் இருக்கோ, ஐயா?"

"பெரும்பாலும் மாறிவிட்டன. காலை உதைப்பது மட்டும் இன்றும் குற்றந்தான்" என்றோம்.