ஏணி ஏற முடியாதவருக்கும் தோட்டத்தில் வேலை உண்டு

எடின்பரோ

அன்புள்ள தம்பி,

மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தவரை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று நீ வேலை பார்க்கும் ஏற்காட்டுத் தோட்டத்தில் சொல்லிவிட்டார்களாமே. கணுக்கால் எலும்பு கூடிவிட்டது, சரிவில் ஏறி இறங்கத்தான் முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். "நஷ்டஈடு கொடுத்தாச்சு, கணக்கு முடிஞ்சுது" என்கிறார்கள். நம் இழப்பீட்டுச் சட்டம், சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று பார்த்துப் பணம் தரச் சொல்கிறது. மிச்சமிருக்கும் திறனைப் பற்றி அது கேட்பதில்லை. அவரை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். சில்வர் ஓக்கில் படர்ந்த கொடியை அண்ணாந்து பார்த்தே எத்தனை கிலோ பச்சை மிளகு தேறும் என்று சொல்லிவிடுவாரே, அந்தக் கண்ணுக்கு என்ன ஆயிற்று?

இங்கேயும் இப்படி ஒரு வழக்கு நடந்தது. எனக்கு எதிர்க்கரையில் இருக்கிறது ஃபைஃப். அந்த ஊர் கவுன்சிலில் தெருக் கூட்டிய ஒரு பெண்ணுக்கு 1999-ல் சின்ன அறுவை சிகிச்சை சிக்கலாகி, நடமாட்டம் போய்விட்டது. உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டு அதே கவுன்சிலில் நூறு இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தார். ஒவ்வொன்றுக்கும் மற்றவர்களோடு போட்டி போட வேண்டியிருந்தது, எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் வேலையே போயிற்று. அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2004-ல் சொன்ன தீர்ப்பு முக்கியமானது: போட்டி வைக்காமலே அவரை வேறு வேலைக்கு மாற்றுவதும் முதலாளியின் கடமைக்குள் வரலாம். எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தினோம் என்பது பதிலாகாது.

நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் நியாயமான வசதியை மறுப்பதைப் பாகுபாடு என்கிறது. ஆனால் வசதி செய்து கொடு, பணியில் இருக்கும்போது ஊனமானவரை நீக்காதே, பதவி இறக்காதே என்று 20-ஆம் பிரிவு கட்டளையிடுவது அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியாருக்கு 21-ஆம் பிரிவில் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்கும் கடமை இருக்கிறது. நிறக்குருடு என்று நம் மின்வாரியம் ஒதுக்கிய உதவிப் பொறியாளருக்கு, 2023-ல் உச்ச நீதிமன்றம் நியாயமான வசதி செய்யும் கடமையைச் சொல்லித்தான் வேலை வாங்கித் தந்தது. ஏற்காட்டில் மின்கம்பத்திலிருந்து விழும் வாரிய ஊழியருக்கு உள்ள காப்பு, பக்கத்துத் தோட்டத்தில் மிளகு ஏணியிலிருந்து விழுபவருக்கு இல்லை. இது அநியாயம். சட்டத்தைத் திருத்தியே ஆக வேண்டும்.

அதுவரை உங்கள் தோட்டத்தில் விழுந்தவரால் காத்திருக்க முடியாது. தோட்டத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பஞ்சமா? நாற்றுப் பைக்கு மண் நிரப்பலாம். காப்பிக் கொட்டையில் கறுப்பும் உடைசலும் பொறுக்கலாம். எடை போடும் இடத்தில் கணக்கு எழுதலாம். தரையில் குந்த முடியாதவருக்கு ஒரு மேசையும் நாற்காலியும் வேண்டும். காலையில் லைன் வீட்டிலிருந்து ஸ்டோர் வரை ஜீப்பில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு என்ன பெரிய செலவு?

இந்த அறுவடை தொடங்குமுன் முதலாளியிடம் நீயே பேசு. அவரையும் கூட அழைத்துப் போ. எது முடியும், எது முடியாது என்று அவரே சொல்லட்டும். வேலையை மாற்றுகிறோம் என்று கூலியைக் குறைக்கப் பார்ப்பார்கள், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணன்