பந்தலுக்கடியில் படிக்க ஒரு பெரிய திரை

முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்ட கதையை, அந்த வேலையில் இருந்த பொறியாளர் ஏ.டி. மெக்கன்சியே எழுதி வைத்திருக்கிறார். 1899இல் சென்னையில் அச்சான ஆங்கில நூல். அந்த அணைத் தண்ணீர் பாயும் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில், அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறோம், பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறோம். சுண்ணாம்பையும் சுர்க்கி என்ற செங்கல் தூளையும் எப்படி மலையேற்றினார்கள், வெள்ளம் அடித்துக்கொண்டு போனபின் எப்படி மறுபடி தொடங்கினார்கள், எத்தனை கூலியாட்களைக் காய்ச்சல் கொண்டுபோனது என்று தெரிந்துகொள்ள இந்த நூலைத்தான் திறக்க வேண்டும். நெல்சனின் மதுரை மேனுவல் (1868), ஃபிரான்சிஸின் மதுரை கெஸட்டியர் (1906) இரண்டும் இதே வரிசையில் வருபவை. மூன்றும் பழைய நூல்கள். ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.களாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்தப் பள்ளத்தாக்கின் சுருளிப்பட்டியில் இருந்துகொண்டு இவற்றைப் படிக்க விரும்புகிற ஒருவன் எதில் படிப்பது? பெரிய இ-இங்க் டேப்லெட் ஒன்று வாங்கலாமா என்ற யோசனை எனக்கு இப்படித்தான் வந்தது.

கைபேசியில் ஒரு பக்கத்தை முழுதாக வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். பெரிதாக்கினால் வரி வெளியே ஓடிவிடும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும். ஆறு அங்குலக் கிண்டிலும் இதில் பெரிதாக உதவாது. 2016இல் தமிழ் மின்னூல்கள் கிண்டிலுக்கு வந்தது நல்ல காரியம். ஆனால் அங்கே எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கி அமைவது, நூல் யூனிகோடு எழுத்தாக இருப்பதால்தான். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம். படத்துக்கு வரி மடக்கத் தெரியாது.

தமிழில் நமக்குக் கிடைக்கும் பழைய செல்வத்தில் பெரும்பகுதி அப்படிப் படமாகத்தான் இருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களை எழுத்தாகவே ஏற்றியது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து கொடுத்தார்கள், அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரியது. ஆனால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் குவிந்திருக்கும் நூல்கள் பெரும்பாலும் ஸ்கேன் பக்கங்கள்தான். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியமும் அந்த வகையே. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கோத்த பி.டி.எஃப்.களும் ஏராளம். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக வந்து விழும். ஆகவே தமிழ் வாசகனுக்குத் திரையின் அளவு ஆடம்பரமல்ல. பக்கத்தைப் பக்கமாகவே பார்க்க அதுதான் ஒரே வழி.

அளவை ஸ்கேல் வைத்தே கணக்குப் போட்டேன். 10.3 அங்குலத் திரை ஏறத்தாழ 157 மி.மீ. அகலம், 210 மி.மீ. உயரம். நம் பதிப்பகங்களின் டெம்மி அளவுப் புத்தகம் ஏறத்தாழ 140க்கு 215. அதாவது டெம்மிப் பக்கம் கிட்டத்தட்ட அச்சான அளவிலேயே திரையில் உட்காரும். ஓர வெள்ளையை வெட்டிவிட்டால் எழுத்து இன்னும் பெரிதாகும். 13.3 அங்குலத் திரை ஏ4 தாளை நெருங்குகிறது. கலைக்களஞ்சியத்தின் இரட்டைப் பத்திக்கும், அரசு அறிக்கைகளுக்கும், அணை வரைபடங்களுக்கும் அது சுகம். ஆனால் விலையும் எடையும் ஏறிவிடுகின்றன. படுத்துக்கொண்டு படிக்கிறவருக்கு அது வேண்டாம்.

என் அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். "மாமா, அந்தக் காசுல பாதி போதும், நல்ல கலர் டேப்லெட்டே வாங்கிறலாம். வீடியோவும் பாக்கலாம்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீடியோ பார்க்கிறவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். என் வாசிப்பு நேரமோ பகலில், பன்னீர் திராட்சைப் பந்தலுக்கடியில். கவாத்து முடிந்து கொடி தழைக்கிறவரை பந்தலுக்குள் வெயில் நேராக இறங்கும். அந்த வெளிச்சத்தில் சாதாரணத் திரையில் என் முகம்தான் தெரிகிறது. இ-இங்க் வேறு வகை. கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்கள் லட்சக்கணக்கில். ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் மின்னேற்றம் பெற்ற வெள்ளைத் துகள்களும் கருப்புத் துகள்களும் மிதக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். வந்தது மின்சாரம் இல்லாமலே அங்கே நிற்கும். காகிதத்தைப் போலவே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பித்தான் எழுத்தைக் காட்டுகிறது. வெயில் ஏற ஏற எழுத்து தெளியும். பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் செலவாவதால் ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் பல நாள் வரும்; மின்வெட்டுக்குப் பயப்பட வேண்டாம்.

குறைகளும் உண்டு. கனமான ஸ்கேன் கோப்பில் பக்கம் திரும்பச் சற்று நேரமாகும். முன் பக்கத்தின் சாயல் லேசாகத் தங்கும். பின்னிணைப்புக்கும் நடுப்பக்கத்துக்கும் விரலை வைத்துக்கொண்டு மாறி மாறிப் புரட்டுகிற வேலையில் காகிதத்தை இது வெல்லாது. கண்ணாடித் திரை உடைந்தால் பக்கத்து ஊரில் பழுது பார்க்க ஆள் கிடையாது.

குறிப்பெழுதும் வசதிக்காகவே இதை வாங்குகிறவர்கள் உண்டு. பேனாவுக்குப் பேட்டரி தேவையில்லாத கருவிகள் பல. திரைக்கு அடியிலுள்ள தகடே அதற்குச் சக்தி கொடுக்கிறது. நெல்சனின் பக்க ஓரத்தில் "இந்த ஊர் இப்போது எது?" என்று எழுதி வைக்க முடிவது எனக்குப் பெரிய ஆசை. ஆனால் தோட்டக் கணக்கை அதில் ஏற்றமாட்டேன். எந்தத் தேதியில் கவாத்து, எப்போது போர்டோ கலவை அடித்தோம், யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதெல்லாம் வீட்டில் எல்லோரும் எடுத்துப் பார்க்கிற, எல்லோரும் எழுதுகிற நோட்டில் இருப்பவை. அது பொது நோட்டாகவே இருக்கட்டும். கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதியை நம்பி வாங்குகிறவர்கள், கடையில் தமிழில் நாலு வரி எழுதிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்த அறுப்புப் பணம் வந்ததும் 10.3 அங்குலத்தில் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன். நாவலும் கட்டுரையும் மட்டும் படிக்கிறவருக்கு ஆறு அங்குலமே போதும். ஸ்கேன் நூல்களை நம்பியிருக்கிறவர் பத்துக்குக் கீழே போக வேண்டாம்.

வாங்க முடியாதவர்களே அதிகம். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும், உள்ளூர் வரலாறு தேடும் ஆசிரியர்களும் கைபேசியில்தான் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நாம் எல்லோரும் வீட்டு வரியோடு 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் கம்பம், உத்தமபாளையம் கிளை நூலகங்களுக்கு இரண்டிரண்டு பெரிய இ-இங்க் கருவிகள் வாங்கி, இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிய பழைய நூல்களை அவற்றில் ஏற்றி, வாசகர்கள் உட்கார்ந்து படிக்கக் கொடுக்க வேண்டும். பொது நூலகத் துறை இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.