ஓர் எழுத்தில் அழிந்த பந்தி

மறைந்த நண்பர் ஒருவரின் பத்திகளை நூலாக்க விரும்பிய அவரது துணைவியார், கடந்த ஆண்டு என்னிடம் ஒரு பென்டிரைவைத் தந்தார். நண்பரும் நானும் ஒரே ஆசிரியபீடத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர்கள். அவர் எழுதுவார்; நான் பக்கம் அமைப்பேன். 2003 முதல் 2006 வரை அவர் எழுதிய 42 கோப்புகள் அதில் இருந்தன. வேறு பிரதி இல்லை.

திறந்து பார்த்தால் தமிழே இல்லை. எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்திய ஏற்பாடு அது. நமக்கு 'அம்மா' என்பது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளே. எழுத்துரு இல்லையெனில் தமிழும் இல்லை.

மாற்றித்தரும் இணையக் கருவிகள் உண்டு. ஆயினும் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டாமல், நானே ஒரு நிரல் எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. கலைப்பட்டதாரியான நான் 56 வயதில் மகளிடம் பைதன் கற்கத் தொடங்கினேன்.

கோப்பை வாசித்தல், சுத்தம் செய்தல், எழுதுதல் என வேலை மூன்றுதான். சுத்தம் செய்வதில்தான் சூட்சுமம். பாமினியில் 'கொ' என்பது கொம்பு, ககரம், அரவு என்ற மூன்று குறிகள். ஒருங்குறியிலோ மெய் முன்னே, உயிர்க்குறி பின்னே. 'கெ'யை முதலில் மாற்றிவிட்டால் அரவு தனித்து எஞ்சும். திரையில் அது 'கொ' போலவே தெரியும், தேடும்போது அகப்படாது. ஆகவே நீண்ட தொடர்களையே முதலில் மாற்றவேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் சென்றது.

அந்த உற்சாகத்தில்தான் தவறிழைத்தேன். பைதனில் கோப்பை வாசிக்கத் திறப்பதற்கு 'ஆர்', எழுதத் திறப்பதற்கு 'டபிள்யூ'. இரண்டாவதைக் கொடுத்த கணமே, நாம் ஒன்றும் எழுதாவிட்டாலும், உள்ளே இருந்தது அழிந்துவிடும். வாசிக்கவேண்டிய கோப்பின் பெயரையே எழுதும் வரியில், அதுவும் முதலில், கொடுத்துவிட்டேன். நிரல் பிழையேதும் காட்டாமல் முடிந்தது. கோப்பின் அளவு 0. மீட்க முயன்றும் பயனில்லை.

துணைவியார் அந்தப் பத்தியின் பத்திரிகை நறுக்கை வைத்திருந்தார். அதைப் பார்த்து மீளத் தட்டச்சுச் செய்தபோது, முடிவு சட்டென்று நிற்பதை உணர்ந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. அன்று மாலை விளம்பரமொன்று வந்து சேர, இடம் போதாமல் கடைசிப் பந்தியை வெட்டியவன் நானே. முழுமையாக அது இருந்தது அந்தக் கோப்பில் மட்டும்.

இப்போது மூலக் கோப்புகளைத் தனி உறையில் வைத்துப் பிரதியில் மட்டுமே வேலை செய்கிறேன். எழுதத் திறக்கும்போது 'டபிள்யூ'வுக்குப் பதில் 'எக்ஸ்' கொடுக்கிறேன். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் பைதன் மறுத்துவிடும். புதிதாகக் கற்போர் முதல் நாளே இதைப் பழகிக்கொள்வது நல்லது.

41 கோப்புகள் செம்மையாக மாறின. நடந்ததைத் துணைவியாரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "அந்தப் பந்தியில் என்ன எழுதியிருந்தார்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு நினைவில்லை.