வடவரப்பில் தண்ணீர், நம் வரப்பில் புகை

“ஏனுங்க, வடக்கால தோட்டத்துல 300 அடியில தண்ணி. நமக்கு 800 அடி ஓட்டியும் வெறும் புகைதானுங்க. பாறை ஒண்ணுதானுங்களே?”

பரமத்தி வேலூர் பக்கத்து வாசகரின் கேள்வி. நகையை அடகு வைத்து இரண்டு போர் போட்டவர், மூன்றாவதுக்கும் வண்டி சொல்லிவிட்டார். நேரிலேயே போனோம்.

பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கோவை, கரூர், நாமக்கல் வழியாகக் கிழக்கே ஒரு நீண்ட பாறைப் பட்டை ஓடுகிறது. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலப்பரப்புகள் மோதி இங்கே மலை எழும்பியது. பூமிக்குள் வெகு ஆழத்தில், சூட்டில் இளகிய பாறை நசுங்கி நகர்ந்தது. மைக்கா மிகுந்த பாறை பரோட்டா மாவுபோல இழுபட்டு வரிவரியானது. கெட்டிப் பாறை நடுநடுவே கட்டியாகவே நின்றுவிட்டது. மலை தேய்ந்துபோய், அதன் அடிவயிற்றில்தான் நாம் உழுகிறோம்.

அவருடைய பழைய கிணற்றில் எட்டிப் பார்த்தோம். வெற்றிலைக் கவுளியை நிமிர்த்தி வைத்தாற்போல வரிகள் செங்குத்தாக, கிழமேலாக நின்றன. இப்படி நிற்கும் பாறையில் நேராகக் குழாய் இறக்கினால், 1,000 அடி போனாலும் பெரும்பாலும் அதே வரிக்குள்தான் போகும். வடவரப்புக்காரர் போர் இருப்பது வேறு வரியில். விசாரிக்க வேண்டியது கிழக்கு, மேற்குத் தோட்டங்களை.

மேற்கே போய்க் கேட்டார். 700 அடி, புகை.

வரி இருந்தாலே தண்ணீர் என்றும் நம்பிவிடக் கூடாது. இளகி இழுபட்ட பாறையில் அப்போது வெடிப்பு இல்லை. பிற்பாடு பாறை மேலேறிக் குளிர்ந்தபோது விழுந்த விரிசலிலும், மழைநீர் இறங்கி மக்கிய இடத்திலும்தான் ஊற்று. விரிசல் பலவேளை வரியையே பிடித்துப் போகும். குறுக்கே வெட்டுவதும் உண்டு.

திரும்பும்போது இதே மாவட்டத்துச் சித்தம்பூண்டி போனோம். சந்திரயான்-2 சோதனைக்காக நிலவு மண் மாதிரி தயாரிக்க இஸ்ரோ அனார்த்தோசைட் பாறை எடுத்த ஊர். அங்கே பாறைப் பட்டைகள் மடங்கித் திசை திரும்புகின்றன. கிழமேல் கணக்கு செல்லாது. அவரவர் கிணற்றுச் சுவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இரவு அவரிடமிருந்து போன்: “வண்டி வேண்டாம்னுட்டேனுங்க. அட்வான்ஸ் 5,000 போச்சு. மொதல்ல கெணத்தத் தூர் வாரிப் பாக்கறனுங்க.”