சேதராப்பட்டுக்கு வந்த பேரன்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரைக்குப் போகிறார்கள். மணக்குள விநாயகரைத் தரிசிக்கிறார்கள். ஆரோவில்லையும் எட்டிப் பார்த்துவிட்டுப் பை நிறையச் சாமான்களோடு ஊர் திரும்புகிறார்கள். சேதராப்பட்டைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொன்னவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. நேயர்களே, நான் பார்த்துவிட்டு வந்தேன்!

அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொழிற்பேட்டை இருக்கிறது. லாரிகள் வந்து போகின்றன. வயல் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. சுற்றுலாக்காரர்களைக் கூவி அழைக்கும்படியாக வேறொன்றும் என் கண்ணில் படவில்லை. ஆனாலும் என்னைக் கையோடு அழைத்துக்கொண்டு போன வாலிபர், அந்த ஊரைப் பார்க்க இந்துமகா சமுத்திரத்தையே தாண்டி வந்தவர்!

அவரை முதலில் சந்தித்தது புதுச்சேரிக் கடற்கரையில், 1836-இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தின் அருகே. கறுத்த மேனி, சுருட்டை முடி. கடலூர்ப் பக்கத்துப் பிள்ளை என்று நினைத்து, "மணி என்ன ஆகிறது, தம்பி?" என்று கேட்டேன். அவர் சங்கடத்துடன் சிரித்தார். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். என் விழிப்பைப் பார்த்து இரக்கப்பட்டு, ஆங்கிலத்துக்கு இறங்கி வந்தார்.

வயது இருபத்து நாலு. சொந்த ஊர் ரீயூனியன் தீவு. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, மடகாஸ்கரையும் தாண்டி, மொரீஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கிற எரிமலைத் தீவு அது. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே இருந்து வருகிறது. அவருடைய குடும்பப் பெயர் நம் கிராமத்துச் சாமியின் பெயர். அதற்கு முன்னால் ஒட்டியிருப்பதோ கிறிஸ்தவப் பெயர். தீவில் தமிழ் வம்சத்தவர் பலருக்கு இப்படித்தான் பெயர் அமைந்திருக்கிறது.

குழந்தைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்க ஒரு வருஷ ஏற்பாட்டில் வந்திருந்தார். வந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

"ஊர் நினைவு வாட்டுகிறதா?" என்று கேட்டேன்.

அவர் கடலைப் பார்த்தபடியே பதில் சொன்னார்: "அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஸார். முன்னோர்களின் மண்ணில் கால் வைத்ததும் அழுகை வரும் என்று எண்ணியிருந்தேன். வரவில்லை. அம்மாவின் சமையலை நினைத்தால்தான் வருகிறது. நான் எந்த ஊர்க்காரன்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அவர் கைப்பேசியில் காட்டிய ஒரு படம் என் ஆவலைக் கிளறிவிட்டது. பழைய பதிவேட்டின் ஒரு பக்கம். அதில் ஓர் எண், ஓர் ஆணின் பெயர், தகப்பன் பெயர், வயது, கப்பலேறிய இடம் 'புதுச்சேரி'. பிறகு ஊர்ப் பெயர். பிரெஞ்சு குமாஸ்தா தம் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். 'சே' என்று ஆரம்பமாகிறது. 'பட்டு' என்பது போல முடிகிறது. நடுவிலே மை கரைந்துவிட்டது!

"இந்த எண்ணுக்கு உரியவர் என் பாட்டனாரின் தாத்தா" என்றார் வாலிபர்.

நிற்க. இந்த எண்ணின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

எண்ணாகிப் போனவர்கள்

ரீயூனியனுக்கு அந்நாளில் போர்போன் தீவு என்று பெயர். அங்கே காப்பியும், பிறகு கரும்பும் பயிரிட அடிமைகளைக் கொண்டுபோய்க் குவித்தார்கள். பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் மடகாஸ்கர்க்காரரும். நம்மவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். புதுச்சேரியில் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாக விற்ற கும்பலைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை 1743-இல் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

1848 டிசம்பர் 20-ஆம் தேதி தீவில் அடிமைத்தனம் ஒழிந்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விடுதலை அடைந்தார்கள். ஆனால் கரும்பு தானே வெட்டிக்கொள்ளுமா? தோட்ட முதலாளிகளின் பார்வை நம் கரைப் பக்கம் திரும்பியது. ஒப்பந்தக் கூலி என்ற ஏற்பாடு அவர்களுக்குப் புதிதல்ல. 1828-லேயே ஏனாமிலிருந்து ஆட்களைக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தார்கள். இப்போது அதைப் பெரிதாக நடத்தினார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம், ஒரு கைநாட்டு, ஓர் எண். அந்த நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து அந்தத் தீவுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல்.

ஆங்கிலேயரின் சீமையில் ஆள் சேர்க்க 1860-ஆம் வருஷ உடன்படிக்கை வரையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு அனுமதி கிடையாது. ஆனால் பசிக்கு எல்லைக்கோடு தெரியுமா? மழை பொய்த்த ஊர்களிலிருந்து மேஸ்திரிகளின் பேச்சை நம்பி, வரப்பு வழியாகப் பிரெஞ்சு மண்ணுக்கு வந்துவிட்டால் போதும். அங்கிருந்து புதுச்சேரி, பிறகு சலங்கு என்ற படகில் அலை தாண்டினால் கப்பல். தீவில் கிராண்ட் ஷாலூப் என்ற இடத்தில் தொற்றுநோய்க் காவல் விடுதி. வாலிபர் அந்தக் கட்டடத்தைப் பலமுறை பார்த்திருக்கிறாராம். அங்கே கூலிகள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, ஆங்கில அரசு 1882-இல் இந்த ஆளேற்றுமதியை நிறுத்தியது. அதற்குள் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை.

எல்லை தாண்டிய பஸ்

சேதராப்பட்டு, புதுச்சேரியிலிருந்து வடமேற்கே, மயிலம் மார்க்கத்தில் இருக்கிறது. புதுச்சேரிப் பிரதேசம் ஒரே துண்டு அல்ல; பத்துக்கு மேற்பட்ட துண்டுகள். கிழிந்த வேஷ்டியில் ஒட்டுப் போட்டது போலத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் இடையிடையே வரும். பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சண்டை போட்டுப் பங்கு பிரித்ததன் அடையாளம் அது. ஒரு காலத்தில் இந்த எல்லைகளில் சுங்கக் காவல் உண்டு. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியதும் அதெல்லாம் போயிற்று. இப்போது எல்லையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி மதுக்கடைகளின் பெயர்ப் பலகைதான்!

ஊசுட்டேரியில் நீர்ப்பறவைகள் மிதந்துகொண்டிருந்தன. வாலிபர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தார்.

அவருடைய நம்பிக்கையைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "திருவண்ணாமலைப் பக்கத்தில் சேத்துப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. சென்னையிலும் ஒரு சேத்துப்பட்டு உண்டு."

"தெரியும், ஸார். இது பக்கத்தில் இருக்கிறது. அதனால் முதலில் இது" என்றார்.

சேதராப்பட்டு டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சொல்தா வூட்டுப் புள்ளயா?" என்று என்னைக் கேட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்தவர்களுக்குப் புதுச்சேரியில் சொல்தா என்று பெயர். 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு நிறைவேறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்களும் உண்டு. ஆகையால் பிரெஞ்சு பேசும் கறுத்த முகம் இங்கே அதிசயம் அல்ல.

நான் விஷயத்தை விளக்கினேன். பெரியவர் தலையை ஆட்டினார். "ரங்கூன் போனவங்க, சைகோன் போனவங்க கதையெல்லாம் கேட்டிருக்கேன். அந்தத் தீவு நமக்குத் தெரியாதுங்க."

இன்னும் நாலு பேரைக் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நேயர்களே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனைக் கூலியாக வாங்கியவன் எண் போட்டு, பெயர் எழுதி, பத்திரமாக வைத்திருக்கிறான். அவனைப் பெற்ற மண்ணில் ஒரு வரி கூட இல்லை. யாருடைய கணக்கு மிஞ்சியிருக்கிறது, பாருங்கள்!

வாலிபர் முகம் வாடிவிட்டது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் தெருவோடு நடந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் ஓர் ஆயா முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாலிபர் சட்டென்று நின்றார்.

"மூரூங்!" என்றார்.

ஆயா நிமிர்ந்தாள். "முருங்கை" என்று திருத்தினாள்.

"மூரூங்! மூரூங்!" அவருக்குக் குழந்தையைப் போல உற்சாகம் வந்துவிட்டது. ரீயூனியனில் இந்தக் கீரைக்கு அதுதான் பெயராம். அங்கே சோற்றுக்குக் 'கரி', தொட்டுக்கொள்ள 'ருகாய்'. கறியும் ஊறுகாயும்தான், வேறென்ன? தமிழ்ப் பேச்சு அவர் வீட்டில் எந்தத் தலைமுறையிலோ நின்றுபோய்விட்டது. சமையலறையில் மட்டும் அது நிற்கவில்லை. தீமிதி கூட நிற்கவில்லையாம். செஞ்சிப் பக்கத்தில் திரௌபதி அம்மனுக்கு நடப்பது போல, அங்கேயும் 'பாண்டியாலே' என்று அந்த அம்மனை அழைத்துத் தீ மிதிக்கிறார்கள்.

"குந்துங்க" என்றாள் ஆயா. குந்தினோம். வாலிபர் கைப்பேசியில் தம் தாயாரை அழைத்தார். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கிய காலை. அம்மாள் திரையில் தோன்றினார்கள். பிள்ளை ஒரு கொத்துக் கீரையைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே எழுந்து கொல்லைப் பக்கம் போனார்கள். திரை ஆடியது, வானம் தெரிந்தது, பிறகு ஒரு மரம் தெரிந்தது. நம் கொல்லையில் நிற்கும் அதே முருங்கை மரம்!

ஆயா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். யாருடைய மரம் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மழை இல்லாமல் போனது, கப்பல் ஏறியது, திரும்பாமலே இருந்துவிட்டது எல்லாம். சற்று நேரம் பேசாமல் கீரை ஆய்ந்தாள். பிறகு, "அங்கயும் முருங்கை இருக்குதா? அப்போ போன புள்ளைங்க பட்டினி கெடந்திருக்காது" என்றாள்.

இதை ஆங்கிலத்தில் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைத்தது. கேட்டுக்கொண்டிருந்த வாலிபர், கடற்கரையில் வரவில்லை என்று குறைப்பட்டாரே, அந்த அழுகையை அங்கே அழுதார். அது தம் பாட்டனாரின் தாத்தாவுக்காகவா, அம்மாவுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவர் மடியில் ஒரு கட்டுக் கீரை இருந்தது. ஆயா காசு வாங்க மறுத்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டுக்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன். கண்டக்டர் வந்தபோது நான் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டு, திருத்தமான தமிழில், "புதுச்சேரி ரெண்டு" என்றார்.